முழுகாதவள்

இதனால் சகலமான பேர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: சென்ற செவ்வாய்க்கிழமை மாலை, போடிநாயக்கனூர் ஏலக்காய் மண்டி ஒன்றின் பின்கட்டில், காலிச் சாக்குகளுக்கு மத்தியில் இந்து மதம் காப்பாற்றப்பட்டது. காப்பாற்றியவர் மண்டி முதலாளி பெரியகருப்பன் அவர்கள். வழிமொழிந்தவர் துணிக்கடை வேலுச்சாமி அவர்கள். சுக்குக் காப்பியுடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது.

போடி வட்டார சமயப் பாதுகாப்புப் பேரவை என்று அதற்குப் பெயர். தலைவர் பெரியகருப்பன். செயலாளர், பொருளாளர், செயற்குழு, பொதுக்குழு எல்லாம் வேலுச்சாமி. தெற்கே எங்கோ ஓர் ஊரே மதம் மாறிவிட்டதாகப் போன வருஷம் பத்திரிகையில் படித்ததிலிருந்தே பெரியகருப்பனுக்கு ஒரு பேரவை தேவைப்பட்டது. ஆபத்துதான் கிடைக்காமல் இருந்தது.

ஆபத்து சொந்த வீட்டிலேயே கிடைத்தது. அதன் பெயர் சந்திரவல்லி.

அவருடைய தங்கை அய்யம்மாளின் ஒரே மகள். மதுரையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஹாஸ்டலில் தங்கி, பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறவள். போன ஞாயிற்றுக்கிழமை, படிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, கடைசி பஸ்சில் வந்து இறங்கினாள். ஏன் வந்தாய் என்றதற்குச் சும்மா என்றாள். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. தூக்கத்தில் வீறிட்டாள். மறுநாள் விடிந்ததும், அப்பா வீரணன் போடிமெட்டில் இருக்கும் ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பியபோது தானும் வருகிறேன் என்று ஜீப்பில் ஏறிப் போனவள், இன்னும் இறங்கவில்லை.

வருகிற திங்கட்கிழமை அவளுக்குப் பரீட்சை. எழுதாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என்ன நடந்தது என்று மட்டும் ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. அம்மா கேட்பாள் என்று அப்பா இருந்தார். அப்பா கேட்பார் என்று அம்மா இருந்தாள். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம் இரண்டு பேருக்கும்.

பதிலை வேலுச்சாமி கொண்டுவந்தார். அவள் ஊருக்கு வருவதற்கு முந்தின வாரம், சரக்கு எடுக்க மதுரைக்குப் போயிருந்தபோது ஹாஸ்டல் பக்கம் ஒரு நடை போனாராம். ஜெபக்கூடத்திலிருந்து சந்திரவல்லி வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்தாராம். கூட ஒரு கன்னியாஸ்திரி. தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததாம்.

சொட்டிய தண்ணீரை வேலுச்சாமி போடி வரைக்கும் சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தார். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், ஒருவரைத் தங்கள் மதத்தில் சேர்க்கும்போது தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். அதை முழுக்கு என்பார்கள். ஆகவே சந்திரவல்லி முழுகிவிட்டாள். ஆகவே பேரவை. ஆகவே தீர்மானம்: பெண்ணை இனி மதுரைக்கு அனுப்பக் கூடாது, பெரியகருப்பனின் மகன் மலைச்சாமிக்கு, முறை மாப்பிள்ளைக்கு, உடனே கட்டிவைத்துவிட வேண்டும். பத்தாம் வகுப்பைப் பலமுறை படித்தும் அதன் மேல் பிடிப்பு வராமல், மலையைத் தாண்டிக் கேரளத்துப் பூப்பாறைக்கு ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தான் மலைச்சாமி. மதத்தையும் காப்பாற்றி மகனையும் கரையேற்ற இதைவிடச் சிக்கனமான வழி எந்தச் சாஸ்திரத்திலும் சொல்லப்படவில்லை.

சனிக்கிழமை காலை, பரிசம் போட நாள் குறிக்கலாம் என்று தங்கை வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார் பெரியகருப்பன். வெற்றிலையை மடித்து வாயில் வைக்கும் நேரத்தில், கைத்தறிச் சேலை கட்டிய வயதான அம்மாள் ஒருத்தி, துணிப்பையுடன் வாசலில் நின்று, வீரணன் வீடு இதுதானா என்று கேட்டாள். சந்திரவல்லியின் ஹாஸ்டலிலிருந்து வருவதாகச் சொன்னாள்.

அய்யம்மாள் அவளை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்துவிட்டு, காப்பி போடும் சாக்கில் அடுப்படிக்குள் நுழைந்துகொண்டாள்.

பெரியகருப்பன் வந்தவளை டீச்சரம்மா என்று முடிவு கட்டிவிட்டார். கல்வியின் பெருமையைப் பற்றி ஒரு பாட்டம் பேசினார். பிறகு கன்னியாஸ்திரிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். படிக்கிற பிள்ளைகளுக்கு ரொட்டியும் ஜாமும் கொடுத்து எப்படி மயக்குகிறார்கள், மயங்கியதும் எப்படி முக்குகிறார்கள் என்று கை காட்டி விளக்கினார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஐயா கன்னியாஸ்திரி யாரையாவது பார்த்ததுண்டா என்றாள்.

"பாத்ததில்லை. பாத்தா அந்த நிமிசமே கண்டுபிடிச்சிருவேன். மொகத்துலயே எழுதி ஒட்டியிருக்கும்ல."

அவள் தண்ணீரைக் குடித்து முடித்துச் செம்பைக் கீழே வைத்தாள்.

"நாந்தாங்க. சிஸ்டர் அமலோற்பவம்."

நாற்காலி ஒருமுறை முனகியது. பெரியகருப்பன் முனகவில்லை என்பதை அவர் பெருமைக்காகச் சொல்ல வேண்டும். தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். சிஸ்டரின் காதுக்கு மட்டும் கேட்கும்படி, சுத்தி வளைக்க வேண்டாம், பெண் முழுகிவிட்டாளா, முழுகாமல் இருக்கிறாளா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார்.

சிஸ்டர் அமலோற்பவம் முப்பது வருஷம் வகுப்பெடுத்தவள். அவளுக்கு ஒரே குரல்தான். கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் குரல்.

"முழுகாமத்தான் இருக்கா. மூணு மாசமா நாங்கதான் பத்திரமாப் பாத்துக்கிறோம்."

கடைசி பெஞ்சில், அடுப்படியில், அய்யம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கேள்வி அவள் காதில் விழவில்லை. பதில் விழுந்தது.

பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நம் ஊரில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று வாசகிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசகர்கள் வாசகிகளைக் கேட்டுக்கொள்ளட்டும். மூணு மாசம். சோறு இறங்காதது. வியாழக்கிழமை தோட்டத்திலிருந்து வந்த ஆள், பாப்பா ஓங்கரிக்குது, எலுமிச்சம்பழம் இருந்தால் கொடுத்துவிடச் சொன்னாங்க என்றது. ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. மதம் மாறிவிட்டாளோ என்று நாலு நாளாகப் பயந்துகொண்டிருந்தோமே, அது எவ்வளவு சுகமான பயம் என்று அந்த நேரத்தில் அய்யம்மாளுக்குத் தோன்றியது.

அண்ணனிடம் சொல்ல முடியாது. சொன்னால் இன்று மாலைக்குள் தீர்மானம் போட்டுவிடுவார். பின்கதவைத் திறந்தாள். அடுப்படிச் சேலையோடு, தலையில் முக்காடிட்டுக்கொண்டு, போடிமெட்டுக்குப் போகும் ஜீப்புகள் நிற்கிற இடத்துக்கு நடந்தாள்.

ஜீப்பில் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் நாலு பேரை ஏற்றினால்தான் எடுப்பேன் என்றான் டிரைவர். அந்த நாலு பேருக்கும் சேர்த்துத் தானே கொடுத்துவிடுவதாக அய்யம்மாள் சொன்னபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என்ன மதினி, தோட்டத்துல ஏதும் விசேசமா என்று ஒருத்தி கேட்டாள். விசேசம் என்ற வார்த்தை அய்யம்மாளின் நெஞ்சில் போய்ச் செருகியது. இல்லை, சும்மா என்றாள். மகள் சொன்ன அதே சும்மா.

அடிவாரத்து ஊரான முந்தலைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் குளிர் வந்தது. வளைவுக்கு வளைவு போடி சின்னதாகிக்கொண்டே போய், ஒரு திருப்பத்தில் மஞ்சுக்குள் மறைந்தது. ஓரத்தில் சுவர் இருக்கும் இடமும் இல்லாத இடமும் ஒன்றாகத் தெரிந்தன. ஒரு வளைவில் ஜீப்பிலிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அங்கே எப்போதும் நிறுத்துவார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் குரங்கணிப் பக்கத்துப் பெண் ஒருத்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே போன இடம் அது. அவளுக்கும் மூணு மாசம் என்றுதான் பேசிக்கொண்டார்கள். பேர் யாரும் சொல்வதில்லை.

அய்யம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். சாமியைக் கூப்பிட வேண்டும். எந்தச் சாமியை? புருஷனின் குலதெய்வம் கருப்பசாமியிடம் காய்ச்சல், களவு, காடு விளையாமை எல்லாம் சொல்லலாம். இதை எப்படிச் சொல்வது? அவருக்குக் கையில் அரிவாள் வேறு. அம்மனிடம் சொன்னால் ஊர்க்காரி எவள் மேலாவது இறங்கி வந்து நடுத்தெருவில் சொல்லிவிடுவாள். ஒரு சாமியையும் கூப்பிடாமல், மகளின் பேரை மட்டும் சொல்லிக்கொண்டே போனாள்.

இந்த நேரத்தில் கீழே பெரியகருப்பன், காப்பி வராததைக் கவனித்து, அடுப்படியை எட்டிப் பார்த்து, அணைந்த அடுப்பையும் திறந்த பின்கதவையும் கண்டார். மாவடுவைத் தேடுவதுபோல ஜாடிகளைக்கூடத் திறந்து பார்த்தார். கன்னியாஸ்திரி வீடு தேடி வந்த அவமானம் தாங்காமல் தங்கை தோட்டத்துக்கு ஓடிவிட்டாள் என்று முடிவுக்கு வந்து, மகனுக்கு ஆள் அனுப்பினார். மலைச்சாமி ஜீப்போடு வந்தான். கூப்பிடாமலேயே சிஸ்டர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையைப் பார்க்கத்தான் வந்தேன், பார்க்காமல் போகமாட்டேன் என்றாள். பேரவைத் தலைவர் பின்னால் ஸ்டெப்னி மேல் உட்கார நேர்ந்தது.

பாதி மலையில், மஞ்சுக்குள்ளிருந்து ஒரு லாரி லோடோடு இறங்கி வந்தது. மலைச்சாமி ஓரம் ஒதுக்கினான். சக்கரம் ஈர மண்ணில் வழுக்கி, ஜீப்பு பின்பக்கமாக நகர ஆரம்பித்தது. பின்பக்கம் பள்ளம். பள்ளத்துக்குப் பக்கத்தில் பெரியகருப்பன். மேடையில் ஒலிபெருக்கி இல்லாமல் பேசுகிறவருக்கு அப்போது காற்றுதான் வந்தது. கை தானாகப் போய் மேல்கையில் கட்டியிருந்த தாயத்தைப் பிடித்துக்கொண்டது.

"ஈசோயே" என்றான் மலைச்சாமி.

"பிரேக்கப் புடிங்க தம்பி" என்றாள் சிஸ்டர்.

பிரேக் பிடித்தது. லாரி கடந்து போனது. வெகுநேரம் கழித்துக் குரல் திரும்பி வந்ததும் பெரியகருப்பன் முன்னால் குனிந்து சிஸ்டரிடம் சொன்னார்: "கேட்டீகளா? உசுரு போற நேரத்துலயும் எம் மகன் வாயில ஈசன்தான் வந்தாரு. அதுதான் ரத்தம்."

சிஸ்டர் மலைச்சாமியைப் பார்த்தாள். மலைச்சாமி ரோட்டைப் பார்த்தான்.

தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரின் வாசலில் நின்றிருந்த வீரணன், பெண்டாட்டி முக்காட்டோடு தனியே ஓடிவருவதைக் கண்டு, கையிலிருந்த முறத்தை நழுவவிட்டார். சந்திரா எங்கே என்று மட்டும் கேட்டாள் அவள். இப்பத்தான் மேற்கே பாறைப் பக்கம் போச்சு என்றார். ஏன், என்ன என்று அவர் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுப் பழக்கமில்லை.

பாறைக்குப் போகும் தடம் ஏலத்தட்டைகளுக்கு நடுவே போனது. இலைகள் ஆளுயரத்துக்குமேல் வளைந்து நின்று, இடித்துக்கொண்டு ஓடுகிறவள் மேலெல்லாம் தண்ணீரைக் கொட்டின. மேலே போகப் போக மஞ்சு தடித்தது. தன் கையே தனக்குத் தெரியவில்லை. தட்டைகள் முடிந்ததும் புல். புல் முடிந்ததும் பாறை. பாறை முடிந்ததும் ஒன்றுமில்லை. கேரளத்துக் காற்று மட்டும் கீழேயிருந்து மேலே அடித்துக்கொண்டிருந்தது.

பாறையின் அடியில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது.

சேர்த்து, ஒழுங்காக, வெளியே பார்த்து வைத்திருந்தது. மதுரையில் தீபாவளிக்கு எடுத்த செருப்பு. வார் அறுந்ததை அய்யம்மாள்தான் தைக்கக் கொடுத்து வாங்கினாள்.

அவள் கத்த முயன்றாள். முட்டி போட்டு, செருப்பைக் கையில் எடுத்து, மார்போடு வைத்துக்கொண்டு பாறைமேல் தவழ்ந்தாள். நின்று போகப் பயமாக இருந்தது. விளிம்பு எங்கே என்று கையால் தடவித் தடவிப் போனாள். கை விளிம்பில் படவில்லை. ஈரமான ஒரு பாதத்தில் பட்டது.

சந்திரவல்லி அலறினாள். அய்யம்மாளும் அலறினாள். பிறகு ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, பாறைமேல் உட்கார்ந்தார்கள்.

"செருப்பை எதுக்குடி கழட்டி வச்ச?"

"சாமி கும்பிட்டுக்கிட்டிருந்தேன். செருப்போடயா கும்பிடுவாக?"

அய்யம்மாள் அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். கழுத்து எலும்பு தெரிந்தது. ஒரு வாரமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வியை விட்டுவிட்டு, இன்று காலையில் வந்த கேள்வியைக் கேட்டாள்.

"எத்தனை மாசம்?"

மகள் திடுக்கிட்டாள். "ஒனக்கு யாரு சொன்னா?"

"எத்தனை மாசம்னு கேக்குறேன்."

"மூணு."

"யாரு?"

"ஸ்டெல்லா."

அய்யம்மாளுக்குப் புரியவில்லை. ஆம்பிளைக்கு இப்படி ஒரு பேரா என்று யோசித்தாள். வேதக்காரர்களில் இருக்கலாம் என்றும் தோன்றியது. எந்த ஊர் ஆள் என்று கேட்டாள்.

"தூத்துக்குடி. ரூம்ல என்கூட இருந்தவம்மா. எனக்குச் சடை போட்டுவிடுவான்னு சொல்லுவேனே." அதற்குமேல் அவளால் கோவையாகச் சொல்ல முடியவில்லை. "செத்துப்போயிட்டா. மூணு மாசமாச்சு."

மஞ்சுக்குள் உட்கார்ந்து மகள் சொல்லிக்கொண்டே போனாள். மஞ்சள்காமாலை. காலையில் நடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள் ஸ்டெல்லா. போகும்போது என் பாவாடையைக் காயப்போட்டுவிடு என்றாள். வரவில்லை. பாவாடை கொடியிலேயே கிடந்தது. அன்றிலிருந்து பக்கத்துக் கட்டில் ராத்திரியில் கிரீச்சிட்டது. ஆளில்லாத கட்டில். வீட்டில் சொன்னால் பேய் என்பீர்கள், கோடாங்கியைக் கூட்டிவருவீர்கள், படிப்பை நிறுத்துவீர்கள் என்று சொல்லவில்லை. தூங்காமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டு, சிஸ்டர்தான் ஜெபக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். அங்கே கம்பத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி ஒரு மூலையில் தொழுவாள். ஸ்டெல்லாவுக்குத் தெரிந்தவர்கள் ஜெபமாலை சொல்வார்கள். நீ உன் சாமியைக் கூட்டிக்கொண்டு வா என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்கள். நம் கருப்பன் கோயில் விபூதியை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோய் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"என்ன பேசுறதுன்னே தெரியலைம்மா. நம்ம சாமிக்கு நாம கெடா வெட்டுவோம், பொங்க வைப்போம். பயமா இருக்குன்னு சொல்ல யாருமே சொல்லித் தரலையே."

அய்யம்மாள் மகளின் ஈர முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். ஜீப்பில் கண்ணை மூடிக்கொண்டு வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

ஹாஸ்டலில் வேலுச்சாமி பார்த்ததாகச் சொன்ன அந்தத் தலை ஈரம் என்ன என்று கேட்டாள்.

"தலைக்குக் குளிக்காம எப்பிடிம்மா சாமிகிட்டப் போறது?"

போன வாரம் அந்தக் கட்டிலைப் புதிதாக வந்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அது புரண்டு படுக்கும்போதெல்லாம் கட்டில் சத்தம் போட்டது. இருட்டில் யார் புரள்கிறார்கள் என்று தெரியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். விபூதி முடிச்சு ஜெபக்கூடத்திலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து தூக்கமும் இல்லை, எதைத் தின்றாலும் குமட்டிக்கொண்டு வந்தது.

மகள் சொல்லி முடித்த பிறகு, அய்யம்மாள் தான் எதை நினைத்து மலை ஏறி வந்தாள் என்பதைச் சொன்னாள். சந்திரவல்லி வாயைப் பிளந்தாள். முழுகாமல் இருக்கிறாள் என்று சிஸ்டர் வாயாலேயா என்று கேட்டாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. அய்யம்மாளுக்கு அழுகை பாதியில் சிரிப்பாக மாறியது. ஆக ஒரு கணக்குக்குச் சரியாகப் போயிற்று.

அவர்கள் ஸ்டோருக்கு இறங்கி வந்தபோது மலைச்சாமியின் ஜீப்பு வந்து நின்றிருந்தது. சிஸ்டர் நேராக வந்து துணிப்பையில் கைவிட்டு, மஞ்சள் முடிச்சை எடுத்துச் சந்திரவல்லியின் உள்ளங்கையில் வைத்தாள். இது இல்லாமல் நீ தூங்கமாட்டாய் என்று தெரியும், அதுதான் கொண்டாந்தேன் என்றாள்.

பெரியகருப்பன் பாய்ந்து வந்து அது என்ன என்றார். வீரணன் முடிச்சைப் பிரித்து மோந்து பார்த்தார். இருபத்தைந்து வருஷத்தில் மச்சானுக்கு எதிராக அவர் பேசிய முதல் வாக்கியம் வந்தது.

"நம்ம கருப்பன் விபூதி, மச்சான்."

கருப்பசாமியைக் கன்னியாஸ்திரி பஸ்சில் கூட்டிவருவது பேரவையின் விதிகளில் எங்கும் சொல்லப்படவில்லை. பெரியகருப்பன் ஒரு நிமிஷம் தடுமாறினார். ஆனால் தலைவர் என்றால் தலைவர்தான். விபூதியாவது கிபூதியாவது, இது எல்லாம் சூழ்ச்சி, பெண் இனி மதுரை மண்ணை மிதிக்கக் கூடாது என்று அறிவித்தார்.

அய்யம்மாள் அண்ணன் முன்னால் போய் நின்றாள். பிறந்ததிலிருந்து அவரைப் பார்த்துப் பயந்தவள். இன்று பயப்பட அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் பாறையில் செலவழித்துவிட்டு வந்திருந்தாள்.

"ஒங் கையில கெடக்கிற தாயத்து யாரு கட்டுனது அண்ணே?"

பெரியகருப்பன் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டார். அது ஏதோ சின்ன வயசுல, பயந்த கோளாறுக்கு என்று இழுத்தார்.

"பள்ளிவாசல்ல. நீ ஓடைக்கரையில எதையோ பாத்துப் பயந்து, மூத்திரத்தோட வீட்டுக்கு வந்த. ஆத்தா தூக்கிட்டுப் போயி ஓதிக் கட்டிக்கிட்டு வந்துச்சு. ஒனக்குப் பயம்னா பள்ளிவாசலு. எம் மகளுக்குப் பயம்னா பேரவையா?" பெரியகருப்பன் கையைத் தூக்கினார். அவள் நிறுத்தவில்லை. "திங்கக்கெழமை அவ பரீட்சைக்குப் போறா. நானும் கூடப் போறேன்."

வேறு ரூம் பார்த்துத் தருகிறேன், பரீட்சை முடிகிறவரை அம்மாவும் கூடப் படுத்துக்கொள்ளலாம் என்றாள் சிஸ்டர். அப்படியும் பயம் போகாவிட்டால் என்று சந்திரவல்லி மெதுவாகக் கேட்டாள். சீக்கிரம் போகாதுதான் என்று சிஸ்டர் ஒப்புக்கொண்டாள்.

பெரியகருப்பன் ஏலக்காய்ச் சாக்குகளுக்கு நடுவே தனியாகப் போய் நின்று, பேரவையின் அவசரக் கூட்டத்தைத் தம் மனத்துக்குள்ளேயே நடத்தினார். தாயத்து விஷயம் மலை இறங்கக் கூடாது என்பது கூட்டத்தின் முதல் பொருளாக இருந்திருக்க வேண்டும். திரும்பி வந்தபோது முகத்தில் பெருந்தன்மை இருந்தது. பெண் போகலாம். பரீட்சை எழுதலாம். ஆனால் நாளைக் காலையில், கீழே இறங்கியதும், மலைச்சாமிக்கும் அவளுக்கும் வெற்றிலை மாற்றி, பரிசம் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். அந்தக் கட்டு இருந்தால் எந்த ஜெபக்கூடமும் அவளை ஒன்றும் செய்யாது.

அய்யம்மாள் வாயைத் திறந்தாள். அண்ணன் மகன். முறை. ஒரே நாளில் ஒரு சண்டைக்குத்தான் அவளிடம் தெம்பு இருந்தது. அவள் புருஷனைப் பார்த்தாள். வீரணன் இருபத்தைந்து வருஷத்துக்கான வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிட்டதால், தலையை மட்டும் ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை. பெரியகருப்பன் ஆமா என்று எடுத்துக்கொண்டார்.

சந்திரவல்லி விபூதி முடிச்சை இறுக்கிப் பிடித்தாள். ஜீப்பின் மூக்கைத் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மலைச்சாமி நிமிரவேயில்லை. தண்ணீர் நிறைந்து வெளியே வழிந்த பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்னமோ போங்க" என்றார் பெரியகருப்பன், சிஸ்டரைப் பார்த்து, வெற்றியை மறைக்காமல். "இனிமே எங்க மதம் பத்திரமான கையில இருக்கு."

மலைச்சாமி போன ஈஸ்டர் அன்றே, இயேசுவை ஈசோ என்று கூப்பிடும் பூப்பாறை வேதக்காரர்களிடம் முழுகியிருந்தான்.